தண்ணீர் கேட்டவளுக்குக் கொடுக்காத காலை

போன வாரத் தாதியர் கூட்டத்தில் உங்களில் ஒருவர் என்னைக் கேட்டார்: “மிஸி, ஓடி முடிச்சு வர்றவங்களுக்கு முதல்ல என்ன குடுக்கணும்? தண்ணியா, ஐசோடோனிக்கா, இளநீரா?”

“முதல்ல ஒன்னும் குடுக்காதீங்க. ஆளப் பாருங்க” என்றேன். சிலர் சிரித்தீர்கள். ஓய்வு பெற்ற கிழவி ஏதோ தத்துவம் பேசுகிறாள் என்ற மரியாதையான சிரிப்பு அது. கூட்டம் முடிய நேரமாகிவிட்டதால் நானும் விளக்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் முதல் முறையாக ஓட்டப் பந்தயத்தின் முடிவுக்கோட்டுக் கூடாரத்தில் நிற்கப் போகிறீர்கள். அதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும்.

நான் குளுவாங் வட்டாரத்தில் அவசரப் பிரிவுத் தாதியாக, எல்லோருக்கும் மிஸியாக, வேலை பார்த்தே தலை நரைத்தவள். ஓய்வுக்குப் பிறகு இந்தக் கூடாரங்களுக்கு வர ஆரம்பித்தேன். இங்கே வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நீங்கள் எதைக் கொடுத்தாலும் தேறிவிடுவார்கள். வியர்வையில் நீரும் உப்பும் போயிருக்கும், தசையில் இருந்த சர்க்கரை தீர்ந்திருக்கும். உப்புப் போட்ட மோர், நெத்திலிக் கஞ்சி, கோழி சூப், பார்லித் தண்ணீர், எது பிடிக்கிறதோ அது. தாகத்துக்குத் தக்கபடி கொஞ்சம் கொஞ்சமாக, கூடவே ஏதாவது சாப்பாடு. ஐசோடோனிக் பானம் என்றதும் அதில் உப்பு நிறைய இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். நம் இரத்தத்தில் இருப்பதோடு ஒப்பிட்டால் அது சொற்பம். வயிறு முட்டக் குடித்தால் அதுவும் தண்ணீர்தான்.

இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். தெரிந்தவர்களுக்கே கை தடுமாறும் ஒரு காலையைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

காஹாங்கில் செம்பனைத் தோட்டச் சாலைகள் வழியாக நடந்த நீண்ட ஓட்டம் அது. தோட்டத்துப் பந்துத் திடலில்தான் முடிவுக்கோடு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் முதல் நாள் மாலையே திருப்பலிக்குப் போய்விட்டு வந்திருந்தேன். விடியும்போதே தூறல். வெயிலே இல்லை. எல்லோரும் நல்ல காலம் என்று சொல்லிக்கொண்டார்கள். நானும் கூடாரத்தில் இருந்த இளம் தாதி மெர்லினிடம், “இன்னிக்கு நமக்கு வேல கொறச்சல்” என்றேன்.

கூடாரத்துக்கு முதலில் வந்தவர் பத்து பாகாட் ஊரைச் சேர்ந்த ஒரு சீன ஆசிரியர். தண்ணீர்க் குப்பி வழியில் எங்கோ விழுந்துவிட்டதாம், நின்று எடுக்க மனமில்லாமல் ஓடியிருக்கிறார். உதடு வெடித்திருந்தது. எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நாடி படபடவென்று அடித்தது. படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைத்தோம். ஐசோடோனிக்கை மிடறு மிடறாகக் கொடுத்து, பிறகு சூப்பும் கொடுத்தோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகத்துக்கு நிறம் வந்தது. “மிஸி, தம்பா லாகி” என்று இன்னொரு கோப்பைக்குக் கையை நீட்டினார். கூடாரத்தில் இருந்த தொண்டர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். மெர்லின் முகத்திலும் அப்படி ஒரு பெருமை.

நம் தொழிலில் ஆபத்தான நேரம் எது என்று கேட்டால், ஒன்று சரியாக நடந்து முடிந்த அடுத்த நிமிடம் என்பேன். கை அதையே திரும்பச் செய்யத் துடிக்கும்.

ஆசிரியர் எழுந்து போன அதே கட்டிலில்தான் வசந்தியை உட்கார வைத்தார்கள்.

நாற்பதைத் தாண்டிய பெண். மாசாயில் அடுக்குமாடி வீடு, பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் உற்பத்தி வரிசையில் வேலை. இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்துவிடும் என்று டாக்டர் எச்சரித்த பிறகு நடக்க ஆரம்பித்து, நடை ஓட்டமாகி, இதுதான் அவளுடைய முதல் நீண்ட ஓட்டம். கடைசி ஆட்களோடு வந்தாலும் சிரித்துக்கொண்டே கோட்டைத் தாண்டியிருக்கிறாள். இதையெல்லாம் சொன்னது அவள் கணவர் அருள். கப்சாய் மோட்டார் சைக்கிளைத் திடல் ஓரமாகப் போட்டுவிட்டு, கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு அவள் பின்னாலேயே வந்திருந்தார்.

“தல வலிக்குதுங்கறா மிஸி. வயித்தப் பொரட்டுதாம். வேற ஒன்னுமில்ல, களைப்புதான்.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் குனிந்து வாந்தி எடுத்தாள். வெறும் தண்ணீர். தெளிந்த தண்ணீர், அதுவும் நிறைய.

“பாருங்க, குடிச்சதெல்லாம் போச்சு” என்று அருள் பாட்டிலைத் திறந்தார்.

மெர்லின் அதற்குள் இரத்த அழுத்தம், சர்க்கரை, உடம்புச் சூடு எல்லாம் பார்த்துவிட்டாள். எல்லாம் சரியாக இருந்தன. நாடியிலும் வேகமில்லை. “மிஸி, காலைலேர்ந்து ஒன்னுக்கே போகலையாம். தண்ணி வத்திருச்சு. டிரிப் போட்டுறவா?” என்றாள். ஊசியும் பையும் ஏற்கனவே அவள் கையில் இருந்தன.

அவள் சொன்னதில் தவறு கண்டுபிடிப்பது சுலபமில்லை. வாந்தி, தலைவலி, சிறுநீர் போகவில்லை. எந்தப் பாடப் புத்தகமும் நீர் வற்றியதற்கு அடையாளமாகச் சொல்வதுதான். ஆனால் நான் வசந்தியின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தயத்துக்காகக் கட்டிய காகிதப் பட்டை சதைக்குள் புதைந்திருந்தது. விரல்கள் வீங்கிப் போய் மடக்க முடியாமல் இருந்தன. உதடு ஈரமாக இருந்தது. சற்று முன் அதே கட்டிலில் கிடந்த ஆசிரியரின் உதடு எனக்கு மறக்கவில்லை.

“இந்தப் பட்டை காலைல இப்படித்தான் இறுக்கமா இருந்துச்சா?”

“இல்லையே, லூசாத்தான் இருந்துச்சு. கழண்டு விழுந்துருமோன்னு பயந்தா” என்றார் அருள்.

“வழியில எவ்வளவு தண்ணி குடிச்சாங்க?”

அவர் முகம் மலர்ந்தது. “அதுல கொறையே வைக்கல மிஸி. தண்ணிப் பந்தல்ல எல்லாம் குடிச்சா. அது பத்தாதுன்னு நான் ஒவ்வொரு சிம்பாங்லயும் வண்டிய நிறுத்தி ஒரு பாட்டில் குடுத்துக்கிட்டே வந்தேன். வேணாம் வேணாம்பா. விடமாட்டேன். முழுசா குடிச்சாத்தான் வண்டிய எடுப்பேன்.”

செம்பனைத் தோட்டத்தில் எத்தனை சிம்பாங், எத்தனை முச்சந்தி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

மனதுக்குள் கணக்குப் போட்டேன். மெதுவாக ஓடும் ஆள், வெயில் இல்லாத காலை, வியர்வை குறைவு, தண்ணீரோ ஆறாக உள்ளே போயிருக்கிறது. நெடுநேரம் ஓடும் உடம்பு சில சமயம் சிறுநீரைப் பூட்டி வைத்துக்கொள்ளும். உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லாமல் இரத்தத்தின் உப்பு நீர்த்துப் போகும். பிறகு மூளை வீங்கும். அவளுக்குச் சிறுநீர் போகாததற்கு நீர் வற்றியது காரணமில்லை. நீர் உள்ளேயே அடைபட்டுக் கிடந்தது.

“மெர்லின், டிரிப் வேணாம். தண்ணியும் வேணாம். ஒரு வாய்கூட வேணாம்” என்றேன். சூப்புக் கட்டிகளைக் கொஞ்சமே வெந்நீரில் கெட்டியாகக் கரைத்து, கடல் தண்ணீர் மாதிரி உப்பாக ஒரு கோப்பை கொண்டுவரச் சொன்னேன். தெளிவோடு இருப்பவர்களுக்கு அது உதவும். டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் ஓட்டப் பாதையின் நடுவில் கால் முறிந்து விழுந்த ஒருவரைப் பார்க்கப் போயிருந்தார். தோட்டத்துக்குள் கைபேசித் தொடர்பு வரவும் போகவுமாக இருந்தது.

அப்போதுதான் வசந்தி கையை நீட்டினாள். “தண்ணி” என்றாள்.

அருள் பாட்டிலை அவள் வாயருகே கொண்டுபோனார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

“குடுக்காதீங்க.”

“அவளே கேக்கறா மிஸி!”

“தெரியும். குடுக்காதீங்க. அவங்களுக்கு இப்ப தண்ணிதான் விஷம்.”

“என்ன பேசறீங்க நீங்க? ஓடிக் களைச்சு வந்தவளுக்கு ஒரு வாய்த் தண்ணி இல்லையா?” அவர் குரல் உயர்ந்தது. கூடாரத்தைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. “தண்ணிகூட குடுக்க மாட்டாங்களா லா?” என்று ஒரு பெரியவர் கேட்டார். இரண்டு மூன்று கைபேசிகள் உயர்ந்தன. அந்தக் காணொளி அன்று மாலைக்குள் எங்கெங்கோ போய்விட்டது. என் அண்ணன் மகளே அதை எனக்கு அனுப்பி, “அத்தை, இது நீங்களா?” என்று கேட்டிருந்தாள்.

தாகம் என்று கேட்டவருக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லக்கூடாது என்றுதான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். எதிரி வந்தாலும் முதலில் ஒரு செம்புத் தண்ணீர். அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்துக்கொண்டேதான் பாட்டிலைப் பிடித்து இழுத்தேன். நான் நினைப்பது தவறாக இருந்தால்? இரத்தப் பரிசோதனைக் கருவி அங்கே இல்லை. என்னிடம் இருந்தது ஒரு இறுகிய பட்டையும், ஈரமான உதடும், கணவர் பெருமையாகச் சொன்ன ஒரு கதையும்தான்.

நான் சத்தம் போடவில்லை. கூட்டத்துக்கு விளக்கம் சொல்லவும் இல்லை. அருளிடம் மட்டும் பேசினேன். “என்னைய ஏசுங்க, பரவாயில்ல. ஆனா அவங்க கைய விடாதீங்க. பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க. பதில் மாறுச்சுன்னா உடனே சொல்லுங்க.”

அவர் என்னை முறைத்தார். ஆனாலும் அவள் கையைப் பிடித்தார். “வசந்தி, முடிச்சிட்டே. மெடல் வாங்கிட்டே, தெரியுதா?”

அவள் அவரைப் பார்த்தாள். “சூப்பர்வைசர், லைன நிறுத்தாதீங்க” என்றாள். “நான் டாய்லெட் போயிட்டு ஒடனே வந்துருவேன். லைன நிறுத்தாதீங்க.”

அருளின் கோபம் அப்படியே உறைந்துவிட்டது. “மிஸி, என்னைய அவளுக்குத் தெரியல” என்றார், மிக மெல்லிய குரலில்.

மெர்லின் சூப்புக் கோப்பையோடு வந்து நின்றாள். இனி வாய் வழியாகக் கொடுத்தால் மூச்சுக்குழாயில் போய்விடும். வேண்டாம் என்று தலையாட்டினேன். அந்த நேரம் பார்த்து டாக்டரின் குரல் கைபேசியில் வந்தது. அவரும் இளைஞர்தான், ஆனால் கேட்கத் தெரிந்தவர். நான் பார்த்ததை மட்டும் சொன்னேன். அவர் கேட்டார்: “நீங்க என்ன நெனைக்கிறீங்க மிஸி?”

“தண்ணி அதிகமாயிருச்சு டாக்டர். சோடியம் எறங்கியிருக்கும்னு நெனைக்கிறேன்.”

“எனக்கும் அப்படித்தான் தோணுது. சாதா டிரிப் போட்டுறாதீங்க. என் செவப்புப் பெட்டில கெட்டி உப்புக் கரைசல் இருக்கு.” அளவைச் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

மெர்லின் நரம்பைப் பிடிக்கும்போதே வசந்திக்கு வலிப்பு வந்துவிட்டது. உடம்பு வில்லாக வளைந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்து நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். உதறுகிற அந்தக் கையிலும் முதல் குத்திலேயே மெர்லின் நரம்பைப் பிடித்தாள். எந்த ஊசியைத் தயாராக வைத்திருந்தாளோ அதே ஊசி, வேறு மருந்து. கரைசல் இறங்கியது. உயர்ந்திருந்த கைபேசிகள் எப்போது இறங்கின என்று நான் கவனிக்கவில்லை.

வலிப்பு நின்றது. அவள் கண் திறக்கவில்லை, ஆனால் மூச்சு சீரானது. ஆம்புலன்ஸ் குளுவாங் வரை சத்தம் போட்டுக்கொண்டே போனது. நான் பின்னால் அவளோடு, அருள் முன்னால் ஓட்டுநரின் பக்கத்தில். மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நாங்கள் பயந்ததுதான். சோடியம் அளவைப் பார்த்த மருத்துவர், சாதாரண டிரிப் ஏதும் போட்டீர்களா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றதும் அவர் விட்ட பெருமூச்சை மெர்லின் கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நானும் அருளும் வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம்.

இனிமேல் சொல்லப்போவது எந்தப் பயிற்சியிலும் வராது.

அருள் கேட்டார்: “மிஸி, நான் குடுத்த தண்ணியாலயா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். உடம்பு வாகு, விதி, எதையாவது சொல்லி அந்த மனிதரை அன்று காப்பாற்றியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் உள்ளே இருக்கும் பெண் பிழைத்து வந்தால் மறுபடி ஓடுவாள், இவர் மறுபடி பாட்டிலோடு நிற்பார். பிழைக்காமல் போனால், யாரோ ஒருவர் வார்டு நடைபாதையில் உண்மையைப் போகிற போக்கில் சொல்லிவிடுவார். அதைவிட என் வாயால் கேட்பது மேல்.

“ஆமா. தண்ணி அதிகமாப் போனதுதான் காரணம்” என்றேன். “ஆனா நீங்க மட்டும் குடுக்கல. வழி நெடுக ‘தாகம் வருமுன்னே குடியுங்கள்’னு போர்டு வச்சிருந்தாங்க. பந்தல்ல இருந்தவங்க எல்லாரும் குடிங்க குடிங்கன்னுதான் கத்துனாங்க. தெரிஞ்சவங்க ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லித் தரல.”

அவர் தலையைக் கைகளில் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு சொன்னார்: “என் தம்பி கப்பல் பட்டறைல வேல செஞ்சான் மிஸி. மத்தியான வெயில்ல தண்ணி குடிக்காம வேல செஞ்சு விழுந்துட்டான். ஆஸ்பத்திரிக்கே வந்து சேரல. அன்னையிலேர்ந்து எங்க வீட்ல யாரு வெளிய போனாலும் நான் பாட்டில் குடுக்காம அனுப்ப மாட்டேன்.”

அவருக்குத் தெரிந்த ஒரே மரணம் தாகத்தால் வந்தது. அதைத் தடுக்கத்தான் மழையில் சிம்பாங் சிம்பாங்காக வண்டியை நிறுத்திக்கொண்டு வந்திருக்கிறார். கூடாரத்தில் உங்கள்மேல் கோபப்படும் ஒவ்வொருவரின் பின்னாலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். அதைக் கேட்க அந்த நேரத்தில் உங்களுக்கு வாய்ப்பிருக்காது. இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் உங்கள் குரல் தடிக்காது. அவர் தப்பாகச் சொல்கிறார் என்பதற்காக விட்டுக்கொடுக்கவும் வேண்டாம், பயந்துபோய்ச் சொல்கிறார் என்பதை மறக்கவும் வேண்டாம்.

அன்று வசந்தி கண் விழிக்கவில்லை. மறுநாளும் நான் குளுவாங்குக்குப் போனேன். வேலை எதுவும் இல்லை, ஆனால் வீட்டில் இருக்க முடியவில்லை. மெர்லினும் தன் ஷிப்ட் முடிந்து வந்திருந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. “மிஸி, நீங்க வேணாம்னு சொல்லலன்னா நான் போட்டிருப்பேன்” என்றாள்.

“போடுறதுக்கு முன்னால என்னைக் கேட்டியே” என்றேன். சமாதானத்துக்காகச் சொன்னதல்ல அது. கை எவ்வளவு வேகமாக இருந்தாலும் கேட்ட பிறகுதான் குத்தினாள். அந்தக் கேள்விதான் எனக்குப் பட்டையைப் பார்க்க நேரம் கொடுத்தது. நீங்களும் கேளுங்கள். எவ்வளவு குடித்தார், கை வீங்கியிருக்கிறதா, உண்மையில் தாகமா, அல்லது பழக்கத்தில் கை நீள்கிறதா என்று கேளுங்கள். பதில் தெளிவாகாதவரை தண்ணீரும் கொடுக்காதீர்கள், டிரிப்பும் போடாதீர்கள்.

அதற்கடுத்த நாள் அவள் கண் திறந்தாள். தன் பெயரைச் சொன்னாள். கணவர் பெயரைச் சொன்னாள். ஓட்டத்தின் கடைசிப் பகுதி மட்டும் அவளுக்கு நினைவே இல்லை. கோட்டைத் தாண்டியது, மெடல் வாங்கியது, எதுவும் இல்லை. அதை அருள்தான் சொல்லிக்கொண்டிருந்தார். “சிரிச்சுக்கிட்டே வந்தே. ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு வந்தே.” அவள் வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

உப்பு மெல்ல மெல்லச் சரியாகிக்கொண்டிருந்தது. அளவாகக் குடிக்கலாம் என்று வார்டு மருத்துவர் சொல்லியிருந்தார். வசந்தி நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு, “தண்ணி குடுங்க” என்றாள். இந்த முறை அவள் உதடு உண்மையாகவே காய்ந்திருந்தது. வார்டுத் தாதி சின்னக் கோப்பையில் அளந்து ஊற்றி மேசைமேல் வைத்துவிட்டு, அடுத்த கட்டிலுக்குக் கூப்பிட்டதால் போய்விட்டாள்.

அருள் அந்தக் கோப்பையைப் பார்த்தார். தொடவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

“நீங்களே குடுங்க மிஸி.”

நான் கோப்பையை எடுத்தேன். கொடுப்பது எனக்கு நொடி வேலை. ஆனால் அன்று நான் கொடுத்திருந்தால் அந்த மனிதர் அதற்குப் பிறகு தன் மனைவிக்கு ஒரு வாய்த் தண்ணீர் எடுத்துக்கொடுக்காமலே வாழ்ந்து முடித்திருப்பார் என்று எனக்குப் பட்டது.

கோப்பையை அவர் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டேன். “இவ்வளவு குடிக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நானும் பக்கத்துலதான் நிக்கிறேன். நீங்க குடுங்க.”

அவர் எழுந்து நின்றார். கொஞ்சம் தண்ணீர் போர்வைமேல் சிந்தியது. இன்னொரு கையால் அவள் தலையைத் தாங்கிப் பிடித்தார். வசந்தி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு மிடறு குடித்தாள். நிறுத்தினாள். இன்னும் ஒரு மிடறு குடித்தாள்.

“போதும்” என்றாள்.

அவர் உடனே கோப்பையை எடுத்துவிட்டார்.